ஸ்டுடியோவுக்கு இரண்டு சிஸ்டம்: பிராண்டட் வாங்கலாமா, பார்ட்ஸ் எடுத்து அசெம்பிள் பண்ணலாமா?

குடந்தை_லென்ஸ்:
வணக்கம். கும்பகோணத்தில் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ. இரண்டு சிஸ்டம் வேண்டும். ஒன்று எடிட்டிங்குக்கு: டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ, ஃபோட்டோஷாப். கேமரா சோனி, 4கே, 10 பிட் 4:2:2, ஹெச்.265. பட்ஜெட் 90,000, மானிட்டர் இருக்கிறது. இன்னொன்று கவுண்டரில் பில் போடவும் பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட் எடுக்கவும், அதற்கு 20,000. இப்போது ஓடுவது ஐ3-8100, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம், 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி.

ஆன்லைனில் "ஐ5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ்" என்று 20,000க்குள்ளேயே முழு செட் கிடைக்கிறது. பிராண்டட் எடுத்தால் தலைவலி இல்லை என்கிறார்கள், அசெம்பிள் செய்தால் மலிவு என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எஸ்எம்பிஎஸ்_சேகர்:
முதல்ல அந்த 20,000 ரூபா விளம்பரத்த விடுங்க சார். ஐ5ங்கறது 2009லேர்ந்து வர்ற வரிசைப் பேரு. அது எந்த வருஷத்துப் பொருள்னு அந்தப் பேர வெச்சு சொல்ல முடியாது. இந்த விலைக்கு விக்கறதுல பெரும்பாலும் உள்ள இருக்கறது ஐ5-2400 இல்லன்னா ஐ5-3470. 2011, 2012ல வந்த பிராசஸர். அதுக்கு ஹெச்61 போர்டு, டிடிஆர்3 ராம். "4 ஜிபி கிராபிக்ஸ்"னு போட்டிருந்தா ஜிடி 730, அது 2014ல வந்த கார்டு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழ ஏத்துக்கறதில்ல. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. ஆக புதுப் பெட்டி, புது ராம் ஸ்டிக்கர், உள்ள பத்து வருஷத்துக்கு மேல ஆன மூளை.

பிராசஸரோட முழு நம்பர் போடாத விளம்பரம் எதுவா இருந்தாலும் அடுத்ததுக்குப் போயிடுங்க. ஐ5-3470ன்னா முதல் எண் 3, மூணாம் தலைமுறை. ஐ5-14500ன்னா 14.

அப்புறம் கேள்வி பிராண்டடா அசெம்பிளாங்கறது இல்ல. நம்ம ஊர்ல மூணாவது ஒண்ணு இருக்கு: கடைக்காரரே மாட்டிக் குடுக்கற செட். அதுல பில்லுல "ஐ5 சிஸ்டம் 1 எண்ணம்"னு ஒரே வரி போட்டா பிராண்டடோட வாரண்டியும் கிடையாது, பார்ட்ஸோட வாரண்டியும் கிடையாது. ரெண்டு பக்கமும் நஷ்டம். போர்டு, எஸ்எம்பிஎஸ் (உள்ள கரன்ட் குடுக்கற பவர் சப்ளை), எஸ்எஸ்டி, ராம் ஒவ்வொண்ணுக்கும் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் பில்லுல வந்தாத்தான் அது அசெம்பிள் செட்.

கணக்குப்பிள்ளை:
பிராண்டட் பக்கம் பேச ஆள் வேண்டுமல்லவா, நான் பேசுகிறேன்.

டெல், ஹெச்பி, லெனோவா மூன்றிலும் வீட்டுக்கான வரிசை வேறு, அலுவலக வரிசை வேறு. ஆப்டிப்ளெக்ஸ் (2025இல் டெல் புரோ என்று பெயர் மாறியது), புரோடெஸ்க், திங்க்சென்டர் ஆகியவை அலுவலக வரிசை. மூன்று வருட ஆன்சைட் வாரண்டி போட்டு வாங்கினால் பழுது பார்க்க ஆள் நம் இடத்துக்கே வருவார். உங்கள் பின்கோடுக்கு ஆன்சைட் உண்டா என்பதை மட்டும் வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அசலான விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் அதனுடன் வருகிறது. அசெம்பிள் விலையையும் பிராண்டட் விலையையும் ஒப்பிடும் பலர் இந்த ஒரு தொகையைச் சேர்ப்பதே இல்லை. கடையில் போட்டுத் தரும் திருட்டு விண்டோஸ் தொழில் நடத்தும் இடத்தில் சட்டச் சிக்கல் மட்டுமல்ல. அதை ஓட வைக்கும் ஆக்டிவேட்டர், விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்தச் சொல்லித்தான் உள்ளே வரும். வாடிக்கையாளரின் கல்யாணப் படம் முழுவதும் இருக்கும் கம்ப்யூட்டரில் அதை அனுமதிக்கக் கூடாது.

நெல்லை_ரீஃபர்ப்:
கவுண்டருக்கு 20,000 பட்ஜெட் என்றால் புதிதே வேண்டாம். ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய) அலுவலக சிஸ்டம் எடுங்கள். 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல்.

ஆனால் மாடல் பெயரை நம்பி எடுக்காதீர்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7020 என்ற பெயரில் 2014இல் 4ஆம் தலைமுறை ஐ5 போட்டு ஒன்று வந்தது. அதே 7020 என்ற பெயரில் 2024இல் 14ஆம் தலைமுறை வரை போட்டு இன்னொன்று வந்தது. பெயர் ஒன்று, நடுவில் பத்து வருடம். சர்வீஸ் டேக் எண்ணை டெல் தளத்தில் போட்டால் எந்த வருடப் பெட்டி, என்ன பாகங்களுடன் வந்தது என்று தெரிந்துவிடும்.

ரீஃபர்ப் எடுக்கும்போது கடையிலேயே பார்க்க வேண்டியது மூன்று: பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரையில், பாஸ்வேர்டு கேட்கிறதா (கேட்டால் வாங்காதீர்கள்), கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, தேதி நிற்கிறதா அல்லது சிமாஸ் பேட்டரி போய்விட்டதா. கடைசியது சிஆர்2032 செல், மாற்றிக்கொள்ளலாம். முதலாவது மாற்ற முடியாதது.

வைகைக்கரை:
நெல்லை சொன்னது எல்லாம் சரி. ஆனால் நண்பர் கவுண்டருக்கு எதையும் வாங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கையில் இருக்கும் ஐ3-8100 8ஆம் தலைமுறைதானே! நான்கு கோர், 16 ஜிபி ராம் இரண்டு சேனலில். பில் போடவும் பாஸ்போர்ட் பிரிண்டுக்கும் இது தாராளம். விண்டோஸ் 11 போடும்போது டிபிஎம் (அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு) இல்லை என்று சொன்னால் பயோஸில் பிடிடி என்ற ஆப்ஷனை எனேபிள் செய்யுங்கள். அந்தத் தலைமுறை போர்டுகளில் சிப்செட்டுக்குள்ளேயே டிபிஎம் 2.0 வருகிறது, தனிச் சில்லு வாங்க வேண்டாம். பூட் முறை யுஇஎஃப்ஐ ஆகவும், டிஸ்க்கின் பிரிப்பு முறை ஜிபிடி ஆகவும் இருக்க வேண்டும். பழைய எம்பிஆர் டிஸ்க் என்றால் எம்பிஆர்2ஜிபிடி என்ற விண்டோஸ் கட்டளை டேட்டா போகாமல் மாற்றித் தரும், ஆனாலும் முதலில் பேக்கப்.

அந்த 20,000ஐ எடிட்டிங் சிஸ்டத்தில் சேருங்கள். இப்போது ராம் விலை இருக்கும் நிலையில் அது தேவைப்படும். 2025 கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போன மெமரி சில்லுகளால் கடையில் டிடிஆர்5 விலை சில மாதத்திலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. மைக்ரான் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. "அசெம்பிள் என்றால் மலிவு" என்று கண்ணை மூடிச் சொன்ன காலம் இதனால்தான் போனது. பெரிய கம்பெனிகள் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் ராம் எடுப்பதால் அவர்கள் பெட்டி விலை பின்னால்தான் ஏறும். அதனால் வாங்கும் அன்று இரண்டு விலையையும் எடுத்துப் பாருங்கள், போன வருடத்து வீடியோவில் சொன்ன விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

டைம்லைன்:
எடிட்டிங் சிஸ்டத்தில் விலைக்கு முன் ஒரு விஷயம். 10 பிட் 4:2:2 ஹெச்.265 ஃபுட்டேஜைப் பிரித்துப் படிக்கும் வேலையை எல்லா கார்டும் செய்யாது. 11ஆம் தலைமுறை முதல் இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் குவிக்சிங்க் (உள் கிராபிக்ஸின் வீடியோ பகுதி) செய்யும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இது வந்தது, 30, 40 வரிசைகளில் கிடையாது. ஆர்டிஎக்ஸ் 4070 போட்ட சிஸ்டத்தில் இந்த ஃபுட்டேஜ் திணறி, அதில் பாதி விலை சிஸ்டத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

எனவே இன்டெல் எடுத்தால் பெயரின் கடைசியில் எஃப் இருக்கும் பிராசஸரை எடுக்காதீர்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, குவிக்சிங்க்கும் இல்லை. கேமிங் செட் விற்கும் கடைகள் சில நூறு, சில ஆயிரம் மிச்சம் என்று 12400எஃப், 14400எஃப் தள்ளிவிடுவார்கள். கேமுக்கு சரி, உங்களுக்குத் தவறு. 14400க்கும் 14500க்கும் கூட வேறுபாடு உண்டு: 14400இல் யுஹெச்டி 730, அதில் வீடியோ இன்ஜின் ஒன்று. 14500இல் யுஹெச்டி 770, இன்ஜின் இரண்டு. மல்டிகேம் வைத்து முகூர்த்தத்தை வெட்டும்போது இந்த இரண்டாவது இன்ஜின் தெரியும்.

குடந்தை_லென்ஸ்:
நன்றி. கவுண்டருக்குப் பழையதையே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஐ5-14500 போட்ட பிராண்டட் டவர் ஒன்றை 16 ஜிபி ராமுடன் எடுத்து, அதில் ஒரு ஆர்டிஎக்ஸ் 5060 மட்டும் நாமே சொருகினால் போதாதா? ராம் விலையும் மிச்சம், ஆன்சைட் வாரண்டியும் கிடைக்குமே.

எஸ்எம்பிஎஸ்_சேகர்:
நல்ல யோசனைதான், ஆனா அங்கதான் மாட்டிக்குவீங்க சார். ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட். போர்டுல கார்டு சொருகற பிசிஐஇ ஸ்லாட்டு 75 வாட்தான் தரும், மிச்சத்துக்கு எஸ்எம்பிஎஸ்லேர்ந்து 8 பின் பிசிஐஇ வயர் வரணும். அலுவலக டவர்ல இருக்கறது 180, 260, 300 வாட் எஸ்எம்பிஎஸ். அந்த 8 பின் வயரே பல மாடல்ல இருக்காது. சாட்டா வயர்லேர்ந்து 8 பின்னுக்கு மாத்தற அடாப்டர் விக்கறாங்க. அதத் தொடவே தொடாதீங்க. சாட்டா பவர் கனெக்டர்ல 12 வோல்ட் பின்னுங்க மொத்தமா 54 வாட்டுக்குத்தான். 8 பின் கேக்கறது 150 வரைக்கும். பிளாஸ்டிக் உருகறது அதனாலதான்.

"எஸ்எம்பிஎஸ்ஸ மாத்திடலாமே"ன்னு கேப்பீங்க. நம்ம கடைல கிடைக்கற ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ல மதர்போர்டுக்குப் போற பிளக்கு 24 பின். டெல் ஆப்டிப்ளெக்ஸ் போர்டுல அந்த எடத்துல 6 பின் இல்லன்னா 8 பின். ஹெச்பி, லெனோவா அலுவலக மாடல்லயும் அவங்கவங்க சொந்த பிளக்கு. பெட்டியோட அளவும் வேற, ஸ்க்ரூ ஓட்டையும் வேற. பவர் பட்டன் வயரும் சொந்த டிசைன். அதனால போர்ட வேற கேபினெட்டுக்கும் மாத்த முடியாது, வேற போர்ட இந்தக் கேபினெட்டுக்கும் போட முடியாது. ஃபேன் ஒண்ணக் கழட்டினா பூட் ஆகறப்போ எரர் காட்டி எஃப்1 அமுக்கச் சொல்லும். வாரண்டி இருக்கற வரைக்கும் இது எதுவும் உங்க கவலை இல்ல. மூணு வருஷம் முடிஞ்சு எஸ்எம்பிஎஸ் போனா அந்த மாடலுக்குன்னு தேடணும்.

பிராண்டட் டவரே வேணும்னா ஆர்டர் போடறப்போவே பெரிய எஸ்எம்பிஎஸ்ஸும் கார்டும் கம்பெனியே போட்டுக் குடுக்கற கான்ஃபிகரேஷன் எடுங்க. இல்லன்னா பவர் வயர் வேண்டாத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. டைம்லைன் சொன்ன மாதிரி படிக்கற வேலைய யுஹெச்டி 770 பாத்துக்கும், கலர் கரெக்‌ஷனுக்கு இந்தக் கார்டு ஓரளவு தாங்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா திணறும்.

கணக்குப்பிள்ளை:
சேகர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொழிலில் கணக்குப் போட வேண்டிய செலவு, சிஸ்டம் நின்றுபோகும் நாட்கள். அசெம்பிள் செட்டில் ஒரு பழுது வந்தால் எந்தப் பாகம் போயிற்று என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்தப் பாகத்தின் சர்வீஸ் சென்டர் திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும். கூரியரில் போய் மாற்று வந்து சேர வாரங்கள் ஆகலாம். வைகாசி முகூர்த்த நேரத்தில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்?

வைகைக்கரை:
நியாயமான கேள்வி. பொது அளவுப் பாகங்களின் பலன் அந்த இடத்தில்தான். ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் போனால் மாற்று, கும்பகோணத்திலேயே அன்று மாலைக்குள் கிடைக்கும். போனது கூரியரில் போகட்டும், புதியது ஓடட்டும், வாரண்டியில் திரும்பி வருவது ஸ்பேராக இருக்கட்டும். ராம் போனால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் ஓட்டலாம். கிராபிக்ஸ் கார்டு போனால் யுஹெச்டி 770இல் வேலை மெதுவாகவாவது நடக்கும், இதற்காகவும் எஃப் வேண்டாம். போர்டு போனால் மட்டும்தான் உண்மையில் நிற்கும். அன்றைக்கு எம்.2 எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி எம்.2 கேஸில் போட்டு கவுண்டர் ஐ3இல் செருகினால் ப்ராஜெக்ட் ஃபைல்கள் கைக்கு வந்துவிடும். கேஸ் வாங்கும்போது என்விஎம்இ வகை என்று கேட்டு வாங்குங்கள், சாட்டா வகையில் படிக்காது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுடன் விண்டோஸ் 11 போட்டால் அது தானாகவே ஆன் ஆகியிருக்கலாம்.

உங்கள் வேலைக்கு நான் எடுக்கச் சொல்வது: ஐ5-14500, பி760 போர்டு, 16+16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி, 1 டிபி ஜென்4 எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ்.

போர்டைப் பற்றி. 14500 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது. வாங்கும் அன்று 32 ஜிபி விலை இரண்டிலும் கேளுங்கள், போர்டையும் சேர்த்துக் கூட்டி எது குறைவோ அதை எடுங்கள். எடிட்டிங்கில் வித்தியாசம் சொற்பம். ஹெச்610 போர்டு மட்டும் வேண்டாம். அதில் எம்.2 ஸ்லாட் பிராசஸருடன் நேரடியாகச் சேராது, ஜென்4 எஸ்எஸ்டி போட்டாலும் ஜென்3 வேகம்தான். ராம் ஸ்லாட்டும் இரண்டோடு சரி. குறைந்த விலை பிராண்டட் கேமிங் பெட்டிகளில் இருப்பதும் பெரும்பாலும் ஹெச்610 வகைதான், ராமும் ஒற்றை 16 ஜிபி குச்சி. ஒற்றைக் குச்சியில் மெமரி பேண்ட்வித் பாதியாகிவிடும், உள் கிராபிக்ஸை நம்பும் வேலைக்கு அது பெரிய அடி.

எஸ்எம்பிஎஸ் கணக்கு: பிராசஸர் உச்சத்தில் 154, கார்டு 145, மற்றவை 60. மொத்தம் சுமார் 360 வாட். 550 போதும், அடுத்த கார்டுக்கு இடம் வேண்டுமென்றால் 650. "80 பிளஸ் பிரான்ஸ்" என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காது என்று மட்டும் சொல்கிறது, ஓவர்லோடில் தன்னை அணைத்துக்கொள்ளுமா என்று சொல்லாது. ஐந்து வருடத்துக்குக் குறைவான வாரண்டி கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வருவதை அறவே வேண்டாம்.

பிராசஸர் பெட்டியில் சீல் இருக்க வேண்டும். "ட்ரே பிராசஸர் (பெட்டியில்லாமல் வருவது), ஆயிரம் குறைவு" என்பார்கள். ட்ரேவுக்கு இன்டெல் நேரடியாக வாரண்டி தராது, விற்ற கடைதான் பொறுப்பு. பாக்ஸுக்கு மூன்று வருடம்.

டைம்லைன்:
கூடவே ஒன்று. 13, 14ஆம் தலைமுறை இன்டெல்லில் வோல்டேஜ் கூடி பிராசஸர் தேய்ந்துபோகும் பிரச்சினை 2024இல் பெரிதாக வெளியே வந்ததே, அதற்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் கூட்டிய பட்டியலில் இருப்பவை ஐ9, ஐ7, ஐ5இல் 13600கே, 14600கே வகைகள். 14500 அதில் இல்லை. இருந்தாலும் போர்டு வந்தவுடன் பயோஸை அப்டேட் செய்துவிடுங்கள், 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோட் (பயோஸுடன் வரும் பிராசஸர் திருத்தம்) இருக்க வேண்டும். பழைய ஐ7-13700 போட்ட பிராண்டட் பெட்டியை செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒருமுறை தேய்ந்துவிட்டால் அப்டேட் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

குடந்தை_லென்ஸ்:
அசெம்பிள் என்றே முடிவு. ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு வரலாமா, நாமே மாட்டலாமா? மாட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

வைகைக்கரை:
பொருளை எல்லாம் ஒரே கடையில் எடுத்தால் பல கடைகளில் மாட்டித் தர தனியாகக் காசு வாங்குவதில்லை. ஆனால் சென்னையிலிருந்து கும்பகோணம் வரை பஸ்ஸிலோ ரயிலிலோ வரும்போது கனமான கூலரும் கார்டும் மாட்டிய நிலையில் இருந்தால் குலுக்கலில் பிசிஐஇ ஸ்லாட் உடையும். மாட்டி, ஓட்டிப் பார்த்து, கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துக் கொண்டு வாருங்கள். நீங்களே மாட்டினால் ஒரு மதியம் போதும்.

மரமேசையில் வைத்து மாட்டுங்கள். காலடியில் கம்பளம் வேண்டாம். உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்சாரம் இறங்க, அவ்வப்போது கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

கேபினெட்டுக்குள் போகும் முன் போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்தே பிராசஸர், ராம், கூலர் மாட்டி ஓட்டிப் பாருங்கள். எல்ஜிஏ1700இல் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. விரல் பட்டால், பிராசஸர் கை நழுவி விழுந்தால், பின் வளையும். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது. லீவரை விடுவித்து, தட்டைத் தூக்கி, பக்கவாட்டுப் பள்ளங்கள் பொருந்துமாறு பிராசஸரை வையுங்கள், அழுத்த வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் மூடி லீவரை இறக்கும்போது தானாகத் தெறித்து வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி இல்லையென்றால் வாங்க மறுப்பார்கள்.

14500உடன் வரும் கூலர் நான்கு அழுத்துக் காலில் நிற்பது. குறுக்கு வரிசையில் அழுத்தி, போர்டைத் திருப்பிப் பார்த்து நான்கு வெள்ளைக் காலும் வெளியே வந்திருப்பதை உறுதி செய்யுங்கள். ஒன்று வராவிட்டாலும் வேலை ஏறியதும் பிராசஸர் 100 டிகிரி தொடலாம். ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலில் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடுமென்றால் 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர் வாங்குவது நல்லது. பழைய ஐ3இன் கூலர் இதில் உட்காராது. அதன் ஓட்டை இடைவெளி 75 மி.மீ., எல்ஜிஏ1700க்கு 78. கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். பேஸ்ட் நடுவில் பட்டாணி அளவு.

ராம் இரண்டு குச்சி என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். முதல், இரண்டாவதில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் சேரும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் 24 பின்னும், பிராசஸருக்கான 8 பின்னும். இரண்டாவதை மறந்தால் ஃபேன் சுற்றும், திரையில் எதுவும் வராது. "செத்துப்போன போர்டு" என்று சர்வீஸுக்கு வருவதில் இது சகஜம். பிராசஸர் 8 பின் நான்கு நான்காகப் பிரியும், கார்டின் 8 பின் ஆறும் இரண்டுமாகப் பிரியும். ஒன்று மற்றதில் ஏறாது, பலவந்தம் செய்யாதீர்கள். இதைவிட ஆபத்து மாடுலர் வயர். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான அளவு கிடையாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைப் புதியதில் செருகினால் ஏறும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில் போகும்.

பிறகு போர்டில் பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். டிடிஆர்5 என்றால் முதல் தடவை ராமைப் பழக்க சில நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்து அணைத்துப் போடாதீர்கள். போர்டில் ராம் பிரச்சினையைக் காட்டும் டிரேம் லைட் எரிந்துகொண்டே இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, அதன் பின் ஒரு குச்சியை மட்டும் வைத்துப் பாருங்கள்.

கேபினெட்டில் போர்டு உட்காரும் பித்தளைக் கால்கள், போர்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தாலும் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். பின்பக்கத் தகடு தனியாக வரும் போர்டில் அதை முதலில் மாட்டுங்கள், கடைசியில் ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

எஸ்எஸ்டி பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள முதல் எம்.2 ஸ்லாட்டில். மானிட்டர் வயர் கார்டில், போர்டில் அல்ல. கார்டு மாட்டியவுடன் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயோஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற ஆப்ஷனை எனேபிள் செய்தால்தான் குவிக்சிங்க் விண்டோஸில் தெரியும். இதைச் செய்யாமல் 14500 வாங்கியதே வீண். அதே பயோஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் போட்டு நான்கு சுற்று ஓட விடுங்கள். ஒரு எரர் வந்தாலும் ராமைக் கடைக்குத் திருப்புங்கள், "ஒன்றுதானே" என்று விட்டால் பிறகு ப்ராஜெக்ட் ஃபைல்தான் கெடும்.

எஸ்எம்பிஎஸ்_சேகர்:
மாட்டறது சரி, சொருகற எடத்தப் பாருங்க. கேபினெட்டத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னா எஸ்எம்பிஎஸ் மேல பழி போடாதீங்க, எர்த் இல்ல. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் ஃபேஸுக்கும் பாடிக்கும் ஒண்ணு, நியூட்ரலுக்கும் பாடிக்கும் ஒண்ணு இருக்கு. எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும். இல்லன்னா பாடில 115 வோல்ட் கிட்ட நிக்கும். கரன்ட் கொஞ்சம்தான், ஆனா ஹெச்டிஎம்ஐ சொருகறப்போ அந்த வயர் வழியா மானிட்டருக்கும் கார்டுக்கும் நடுவுல பாயும், போர்ட்டு போயிடும். எலக்ட்ரீஷியன வெச்சு அளக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 கிட்ட வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். உங்க சிஸ்டம் உச்சத்துல அதத் தொடும், மானிட்டரையும் சேத்தா தாண்டும். 1000 விஏ 600 வாட் எடுங்க. கடைல இன்வெர்ட்டர் இருக்குன்னா பின்னாடி யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கான்னு பாத்து அதுல வைங்க. கரன்ட் போறப்போ எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டர்ல தம் கட்டி நிக்கறது 16, 17 மில்லிவினாடிதான். சாதா மோடுல இன்வெர்ட்டர் மாற அதவிட நேரம் ஆகும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆயிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல இந்த சிஸ்டத்தப் போடாதீங்க.

குடந்தை_லென்ஸ்:
எர்த் நாளைக்கே பார்க்கச் சொல்கிறேன். பில் விஷயத்தில் கணக்குப்பிள்ளை சார் ஏதாவது சொல்ல வேண்டுமா? எப்போது வாங்கலாம்?

கணக்குப்பிள்ளை:
ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்குங்கள், 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்பொசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. அக்டோபர் தொடக்கத்துக்கு முன் வாங்கி ஓட்டத் தொடங்கினால் முழுதும் கிடைக்கும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடையும் சற்று ஓய்வாக இருக்கும். மாட்டிச் சோதிக்க, ஏதாவது பாகம் சொதப்பினால் மாற்றிக்கொள்ள, ஆவணிக்கு முன் ஒரு மாதம் கையில் இருக்கிறது.

விண்டோஸ் வாங்கும்போது ரீடெய்ல் லைசென்ஸ் எடுங்கள். பிராண்டட் பெட்டியோடு வருவது அந்த போர்டோடு கட்டுப்பட்டது, ரீடெய்ல் என்றால் நாளை போர்டு மாறினாலும் கொண்டுபோகலாம். சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீ பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த லைசென்ஸிலிருந்து கசிந்தது, ஒருநாள் முடக்கப்படும்.

டைம்லைன்:
பட்ஜெட்டில் மீதி இருந்தால் கார்டைப் பெரிதாக்காமல் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். எஸ்எஸ்டியில் வேலை, முடிந்த கல்யாணம் முதல் டிஸ்கில், அதன் நகல் இரண்டாவதில். இரண்டாவதை சிஸ்டத்துக்குள் மாட்டாதீர்கள், யுஎஸ்பி டாக்கில் போட்டு நகல் எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். வாங்கும்போது டேட்டாஷீட்டில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா பாருங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படும்படி நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகையில் ஒரே மூச்சில் 500 ஜிபி எழுதினால் பாதியில் வேகம் படுத்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்_சேகர்:
கடைய விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி பில்லுல இருக்கற சீரியலும் பெட்டில இருக்கறதும் பொருள்ல இருக்கறதும் ஒண்ணான்னு பாத்து போட்டோ எடுத்துக்குங்க. கார்டோட ஸ்டிக்கர் உள்ள மாட்டின அப்புறம் படிக்க முடியாது. ஆர்டிஎக்ஸ் 5060 பில்லுல "5060 டிஐ"ன்னோ, எஸ்எஸ்டில வேற மாடலோ இருந்தா அங்கயே மாத்தி பில் போட வைங்க. கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் பெட்டிங்கள வாரண்டி முடியற வரைக்கும் பரண்ல வைங்க.